செய்தியில் படித்த சொல், கடையில் உதவும்

செய்தித்தாளைப் பிரித்தால் இப்படிப்பட்ட தலைப்புகள் கண்ணில் படும்.

"ரீடெய்ல் விலை உயர்ந்தது."
"எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றால் அபராதம்."
"சோப்பு, ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. குறைந்தது."
"ஹோட்டலில் சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் இல்லை."

எழுத்து தமிழ் எழுத்துதான். எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம். ஆனால் சொல் ஆங்கிலச் சொல். அதனால் படித்து முடித்த பிறகும் பொருள் விளங்குவதில்லை. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்கள்.

அப்படிப் போகத் தேவையில்லை. இந்தச் சொற்கள் கடைத்தெருவில் புழங்கும் சொற்கள். பிஸ்கட் உறையில் இருக்கின்றன. மருந்து அட்டையில் இருக்கின்றன. கடைக்காரர் கிழித்துக் கொடுக்கும் பில்லில் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. சில சொற்களுக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. சொல் தெரியாதவர் கையிலிருந்து ஒரு ரூபாய், இரண்டு ரூபாயாகப் பணம் போகும். போவதும் தெரியாது.

இனி ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கலாம்.

ரீடெய்ல், ஹோல்சேல்

2023 ஜூலை மாதம் நாடு முழுவதும் தக்காளி விலை ஏறியது. பல நகரங்களில் ஒரு கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. மத்திய அரசு ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா மாநிலங்களில் தக்காளியை வாங்கியது. அதை டெல்லி போன்ற நகரங்களில் குறைந்த விலைக்கு விற்றது. ஜூலை 14 அன்று ஒரு கிலோ 90 ரூபாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். இரண்டு நாளில் அது 80 ரூபாய் ஆனது. ஜூலை 20 முதல் 70 ரூபாய் ஆனது.

அப்போது செய்திகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று ஹோல்சேல். மற்றொன்று ரீடெய்ல்.

ஹோல்சேல் என்றால் மொத்த விற்பனை. மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாக விற்பது. டெல்லியில் ஆசாத்பூர் என்ற பெரிய சந்தை இருக்கிறது. அங்கே லாரி லாரியாகக் காய்கறி, பழம் வந்து இறங்கும். அங்கே நடப்பது ஹோல்சேல்.

ரீடெய்ல் என்றால் சில்லறை விற்பனை. கால் கிலோ, அரை கிலோ என்று வீட்டுக்கு வாங்குவது. தெருமுனைக் கடையும் ரீடெய்ல்தான். நகரத்தில் இருக்கும் பெரிய சூப்பர் மார்க்கெட்டும் ரீடெய்ல்தான்.

மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது? இடையில் லாரி வாடகை, சுமை கூலி, தரகு ஆகிய செலவுகள் இருக்கின்றன. அழுகிப் போகும் காய்க்கும் கணக்குப் போட வேண்டும். கடைக்காரரின் லாபமும் சேர வேண்டும். ஆகவே செய்தியில் விலையைப் படிக்கும்போது முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஹோல்சேல் விலையா, ரீடெய்ல் விலையா? மொத்த விலையைப் படித்துவிட்டுச் சில்லறைக் கடையில் சண்டை போட்டுப் பயனில்லை.

எம்.ஆர்.பி.

எம்.ஆர்.பி. என்பது மேக்சிமம் ரீடெய்ல் பிரைஸ் என்பதன் சுருக்கம். மேக்சிமம் என்றால் அதிகபட்சம். பிரைஸ் என்றால் விலை. ரீடெய்ல் என்ற சொல் முன்பே தெரிந்துவிட்டது. மூன்றையும் சேர்த்தால் 'அதிகபட்ச சில்லறை விலை' என்று வரும்.

ஒரு காலத்தில் உறைமேல் ஒரு விலையைப் போட்டு, 'உள்ளூர் வரி தனி' என்றும் அச்சடித்திருந்தார்கள். வரி எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. கடைக்காரர் சொன்னதுதான் கணக்கு. ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை ஒரு விலை. 1990இல் மத்திய அரசு விதியை மாற்றியது. எல்லா வரிகளையும் உள்ளே சேர்த்து ஒரே விலையாக அச்சிட வேண்டும் என்று சொன்னது. அந்த விலைதான் எம்.ஆர்.பி.

இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன.

ஒன்று: எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. "குளிர்சாதனப் பெட்டியில் வைத்தோம், அதற்கு இரண்டு ரூபாய்" என்று கடையில் கேட்பதும் தவறு. வரி என்று சொல்லி மேலே சேர்ப்பதும் தவறு. வரி ஏற்கெனவே அந்த விலைக்குள் இருக்கிறது.

இரண்டு: எம்.ஆர்.பி. என்பது உச்ச வரம்பு. அதற்குக் கீழே விற்கத் தடை இல்லை. குறைத்துக் கேட்கலாம். இரண்டு கடையில் விசாரிக்கலாம்.

ஒரு விலக்கும் உண்டு. ஹோட்டலில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தால் எம்.ஆர்.பி.யைவிடக் கூடுதலாகக் கேட்கலாம். அங்கே இடம், பணியாள், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்து வருகின்றன என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெட்டிக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் அந்த விலக்குப் பொருந்தாது.

உறைமேல் ஆங்கில எழுத்து நிறைய இருக்கும். அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். எம், ஆர், பி என்ற மூன்று எழுத்துகளை மட்டும் முதலில் பழகிக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் எண் எல்லோருக்கும் தெரிந்த எண்தான்.

நெட் வெயிட்

நெட் வெயிட் என்றால் நிகர எடை. உறை, டப்பா, பாட்டில் இவற்றின் எடையைக் கழித்துவிட்டு, உள்ளே இருக்கும் பொருளின் எடையை மட்டும் சொல்வது. சில உறைகளில் நெட் குவான்டிட்டி என்று போட்டிருப்பார்கள். அதற்கு நிகர அளவு என்று பொருள்.

2022இல் ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் போர் மூண்டது. கோதுமை விலையும் சமையல் எண்ணெய் விலையும் ஏறின. அப்போது பல நிறுவனங்கள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகளின் விலையை மாற்றவில்லை. எடையைக் குறைத்தன. பாக்கெட் அதே நிறம். அதே படம். அதே ஐந்து ரூபாய். உள்ளே சில கிராம் குறைவு. செய்தித்தாள்கள் இதை ஷ்ரிங்க்ஃப்ளேஷன் என்று எழுதின. ஷ்ரிங்க் என்றால் சுருங்குவது. விலை நிற்க, பொருள் சுருங்குகிறது.

எடையைக் குறைப்பது குற்றம் இல்லை. ஆனால் குறைத்த எடையை உறைமேல் சரியாக அச்சிட வேண்டும். அச்சிட்டிருப்பதைப் படிப்பது வாங்குபவரின் வேலை.

ஒரு கணக்கைப் பாருங்கள்.

முதல் பாக்கெட்: 100 கிராம், விலை 20 ரூபாய்.
இரண்டாவது பாக்கெட்: 80 கிராம், விலை 18 ரூபாய்.

எது மலிவு? பார்த்தவுடன் 18 ரூபாய்ப் பாக்கெட் மலிவாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். முதல் பாக்கெட்டில் ஒரு கிராம் 20 காசு. இரண்டாவதில் ஒரு கிராம் 22.5 காசு. ஆகவே 20 ரூபாய்ப் பாக்கெட்தான் மலிவு.

இந்தக் கணக்கை வாங்குபவர் போட வேண்டியதில்லை என்று ஒரு விதி வந்திருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் பொட்டலப் பொருள்களில் யூனிட் சேல் பிரைஸ் அச்சிடுவது கட்டாயம் ஆனது. யூனிட் என்றால் ஓர் அலகு. ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி லிட்டர் என்ன விலை என்று அதில் இருக்கும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் தேடிப் பாருங்கள். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட அந்த ஓர் எண் போதும்.

எக்ஸ்பயரி, பெஸ்ட் பிஃபோர்

காலாவதியான பொருள்களை அதிகாரிகள் பறிமுதல் செய்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. அந்தச் செய்தியில் எக்ஸ்பயரி என்ற சொல் இருக்கும். எக்ஸ்பயரி என்றால் காலாவதி. எக்ஸ்பயரி டேட் என்றால் காலாவதி ஆகும் தேதி. சில உறைகளில் யூஸ் பை என்று இருக்கும். இந்தத் தேதிக்குள் பயன்படுத்து என்று அதற்குப் பொருள். இந்தத் தேதி கடந்த உணவைச் சாப்பிடக் கூடாது. கடையில் விற்கவும் கூடாது.

பெஸ்ட் பிஃபோர் என்பது சற்று வேறு. பெஸ்ட் என்றால் மிக நன்று. பிஃபோர் என்றால் முன்பு. இந்த நாளுக்கு முன் சாப்பிட்டால் சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று பொருள். அதன் பிறகு மொறுமொறுப்பு போகலாம், மணம் குறையலாம்.

சில உறைகளில் தேதி நேராக இருக்காது. 'பேக் செய்ததிலிருந்து 6 மாதம்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அப்போது பேக் செய்த தேதியைத் தேட வேண்டும். மார்ச் 10 அன்று பேக் செய்திருந்தால் செப்டம்பர் 10 வரை கணக்கு.

மருந்து அட்டையில் நாள் இருக்காது. மாதமும் ஆண்டும் மட்டும் இருக்கும். 06/2027 என்று இருந்தால் 2027 ஜூன் மாதக் கடைசி நாள் வரை அந்த மருந்தைப் பயன்படுத்தலாம். மாத்திரையைக் கிழித்துக் கொடுக்கும்போது தேதி இருக்கும் பகுதி கடையிலேயே நின்றுவிடும். ஆகவே கடைக்காரர் கிழிப்பதற்கு முன்பே அட்டையைக் காட்டச் சொல்லித் தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. குழந்தைக்கு வாங்கும் மருந்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பர்சன்ட், டிஸ்கவுண்ட், அப் டு

பர்சன்ட் என்றால் நூற்றுக்கு என்று பொருள். தமிழில் சதவீதம் என்கிறோம். 5 பர்சன்ட் என்றால் நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய். டிஸ்கவுண்ட் என்றால் தள்ளுபடி. ஆஃபர் என்றால் சலுகை.

தீபாவளி சமயத்தில் செய்தித்தாளின் முதல் பக்கம் முழுவதும் விளம்பரம் வரும். 'அப் டு 50 பர்சன்ட்' என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அப் டு என்ற இரண்டு சொற்கள் மட்டும் சிறிய எழுத்தில் இருக்கும். அப் டு என்றால் 'வரை'. அதாவது 50 சதவீதம் வரை தள்ளுபடி. ஒரு சில பொருளுக்கு 50 இருக்கலாம். மற்றவற்றுக்கு 10 இருக்கலாம். 5 இருக்கலாம். கடைக்குப் போய் "ஏன் பாதி விலை இல்லை?" என்று கேட்டால் அந்தச் சிறிய எழுத்தைக் காட்டுவார்கள்.

இன்னொரு விளம்பரம் '50 பர்சன்ட், அதற்கு மேல் 20 பர்சன்ட்' என்று சொல்லும். இரண்டையும் கூட்டி 70 என்று நினைக்கத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சேலை விலை 1,000 ரூபாய். அதில் 50 சதவீதம் போனால் 500 ரூபாய். அந்த 500 ரூபாயில்தான் 20 சதவீதம் கழிப்பார்கள். அது 100 ரூபாய். கடைசியில் கொடுப்பது 400 ரூபாய். ஆக மொத்தத் தள்ளுபடி 60 சதவீதம்தான்.

விளம்பரத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடியில் டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் என்று இருக்கும். நிபந்தனைகள் உண்டு என்று பொருள். நட்சத்திரத்தைப் பார்த்தால், "நிபந்தனை என்ன?" என்று கடையில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

பொய் விளம்பரத்தைத் தடுக்க ஓர் அமைப்பு இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்று அதற்குப் பெயர். 2020இல் தொடங்கியது. மக்களைத் தவறான வழியில் இழுக்கும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அது அபராதம் விதிக்கலாம்.

ஜி.எஸ்.டி.

ஜி.எஸ்.டி. என்பது கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் டாக்ஸ் என்பதன் சுருக்கம். கூட்ஸ் என்றால் சரக்கு. சர்வீஸ் என்றால் சேவை. டாக்ஸ் என்றால் வரி. 2017 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் இந்த வரி இருக்கிறது. பில்லில் இதை இரண்டு பாதியாகப் பிரித்து எழுதுவார்கள். சி.ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கு. எஸ்.ஜி.எஸ்.டி. மாநில அரசுக்கு.

2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு இந்த வரி குறைந்தது. குளியல் சோப்பு, ஷாம்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், பற்பசை ஆகியவற்றுக்கு 18 சதவீதம் இருந்தது. அது 5 சதவீதம் ஆனது. நெய், வெண்ணெய்க்கு 12 சதவீதம் இருந்தது. அதுவும் 5 சதவீதம் ஆனது.

இந்தச் செய்தியால் வீட்டுக்கு என்ன பயன்? வரி இல்லாமல் 100 ரூபாய் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். 18 சதவீத வரி சேர்ந்தால் 118 ரூபாய். 5 சதவீத வரி சேர்ந்தால் 105 ரூபாய். 13 ரூபாய் குறைய வேண்டும். குறைந்ததா என்று எப்படித் தெரியும்? பழைய உறையின் எம்.ஆர்.பி.யையும் புதிய உறையின் எம்.ஆர்.பி.யையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். கூடவே நெட் வெயிட்டையும் பார்க்க வேண்டும். இங்கே மூன்று சொற்கள் ஒன்றாக வேலை செய்கின்றன.

பில்லில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. வசூலிக்கும் கடைக்குப் பதிவு எண் இருக்கும். அதில் எழுத்தும் எண்ணுமாக 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் குறிக்கும். டெல்லிக்கு 07. மகாராஷ்டிராவுக்கு 27. கர்நாடகாவுக்கு 29. தமிழ்நாட்டுக்கு 33. பதிவு எண் இல்லாத கடை ஜி.எஸ்.டி. என்று தனியாகப் பணம் கேட்கக் கூடாது.

பில், சர்வீஸ் சார்ஜ், கேரி பேக்

கேரி பேக் என்றால் பொருளை எடுத்துச் செல்லும் பை. சண்டிகர் நகரத்தில் 2019 பிப்ரவரியில் ஒருவர் செருப்புக் கடைக்குப் போனார். ஒரு ஜோடி காலணி வாங்கினார். பில் 402 ரூபாய் வந்தது. அதில் காகிதப் பைக்கு 3 ரூபாய் சேர்த்திருந்தார்கள். பையின்மேல் கடையின் பெயர் அச்சாகியிருந்தது. "கடையின் விளம்பரத்தைச் சுமக்க நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்பது அவர் வாதம். நுகர்வோர் மன்றத்தில் முறையிட்டார்.

மன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 3 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அவர் பட்ட மன உளைச்சலுக்கு 3,000 ரூபாய் தர வேண்டும். வழக்குச் செலவுக்கு 1,000 ரூபாய் தர வேண்டும். நுகர்வோர் சட்ட உதவி நிதிக்கு 5,000 ரூபாய் கட்ட வேண்டும். பைகளை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொன்னது. நாடெங்கும் செய்தித்தாள்களில் இது வந்தது.

2020 டிசம்பரில் வேறொரு வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையமும் பேசியது. பைக்குக் காசு உண்டு என்று முன்கூட்டியே தெரிவிக்காமல், பில் போடும் இடத்தில் சேர்ப்பது முறையற்ற வணிகம் என்று சொன்னது.

அந்த 3 ரூபாய் எப்படித் தெரிய வந்தது? பில்லைப் படித்ததால் தெரிய வந்தது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

சர்வீஸ் சார்ஜ் என்ற சொல் ஹோட்டல் பில்லில் வரும். பரிமாறியதற்கான கட்டணம் என்று பொருள். இது அரசாங்க வரி இல்லை. ஹோட்டல் தானாகச் சேர்ப்பது. கேட்காமல் இதைப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதி போட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கடைகளில் 'நோ ரிஃபண்ட்' என்று எழுதி வைத்திருப்பார்கள். ரிஃபண்ட் என்றால் பணத்தைத் திருப்பித் தருவது. நல்ல பொருளை வாங்கிப் போய், மனம் மாறித் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கலாம். ஆனால் பொருளில் குறை இருந்தால் அப்படி மறுக்கக் கூடாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதைச் சொல்கிறது. பில்லில் நாள் கணக்கு ஏதும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பில் தராமல் விற்பதும் அந்தச் சட்டப்படி தவறான வணிக முறை. ஆகவே பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

இன்ஃப்ளேஷன்

இன்ஃப்ளேஷன் என்றால் விலைவாசி ஏற்றம். தமிழில் பணவீக்கம் என்று எழுதுவார்கள். மாதந்தோறும் மத்திய அரசு இந்தக் கணக்கை வெளியிடுகிறது. சில்லறை விலையை வைத்துக் கணக்கிடுவதால் ரீடெய்ல் இன்ஃப்ளேஷன் என்று பெயர்.

2025 அக்டோபர் மாதத்துக்கு இது 0.25 சதவீதம் என்று செய்தி வந்தது. பணவீக்கம் குறைந்ததாகத் தலைப்புப் போட்டார்கள். படித்தவர்கள் பலர், "கடையில் விலை குறையவில்லையே!" என்று வியந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2024 அக்டோபரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய சாமான்கள், 2025 அக்டோபரில் சராசரியாக 1,002 ரூபாய் 50 காசு ஆயின என்பதே அந்தச் செய்தி. வேகம் குறைந்தது. முன்பே ஏறிய விலை அப்படியே நின்றது. இதுவும் சராசரிக் கணக்கு. காய்கறி இறங்கியிருக்கலாம். எண்ணெய் ஏறியிருக்கலாம். எண்ணெய் அதிகம் வாங்கும் வீட்டில் செலவு கூடியிருக்கும்.

கன்ஸ்யூமர்

கன்ஸ்யூமர் என்றால் நுகர்வோர். பொருளை விலை கொடுத்து வாங்கிப் பயன்படுத்துபவர். உப்புப் பாக்கெட் வாங்கும் கூலித் தொழிலாளியும் கன்ஸ்யூமர்தான். கார் வாங்கும் பணக்காரரும் கன்ஸ்யூமர்தான். இருவருக்கும் ஒரே உரிமை. இந்தியாவில் முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986 டிசம்பர் 24 அன்று வந்தது. ஆண்டுதோறும் அந்த நாள் தேசிய நுகர்வோர் தினம். இப்போது நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் செயல்படுகிறது.

ஏமாற்றப்பட்டால் முதலில் கடைக்காரரிடம் பொறுமையாகப் பேச வேண்டும். தவறுதலாகவும் நடந்திருக்கலாம். அவர் கேட்காவிட்டால் 1915 என்ற எண்ணுக்குப் பேசலாம். இது தேசிய நுகர்வோர் உதவி எண். பல இந்திய மொழிகளில் பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். பில் கையில் இருக்க வேண்டும்.

எப்படிப் பழகுவது?

ஒரு நாளில் எல்லாச் சொற்களையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வாரத்துக்கு இரண்டு சொல் போதும். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளலாம். செய்தித்தாளில் வந்த சொல்லை எழுதலாம். எதிரே தமிழ்ப் பொருளை எழுதலாம். பிறகு சமையலறைக்குப் போய், அந்தச் சொல் எந்த உறையில் இருக்கிறது என்று தேடலாம். உறையை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டால் ஆங்கில எழுத்தின் வடிவமும் மனதில் பதியும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இதில் உதவுவார்கள். கற்போர் வட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து செய்தால் நான்கு வீட்டு உறைகளும் நான்கு கடை பில்களும் பாடமாகும்.

சொல்லைப் பழகியவர் கடையில் சத்தம் போட வேண்டியதில்லை. பில்லில் ஒரு வரியைக் காட்டி, "இது எதற்கு?" என்று கேட்டால் போதும்.

பயிற்சி

1. வீட்டில் உள்ள மூன்று உறைகளை எடுங்கள். எம்.ஆர்.பி., நெட் வெயிட், காலாவதித் தேதி மூன்றையும் எழுதுங்கள்.

2. ஒரு பாக்கெட் 200 கிராம், 50 ரூபாய். இன்னொரு பாக்கெட் 150 கிராம், 42 ரூபாய். எது மலிவு?

3. 2,000 ரூபாய்ப் பொருளுக்கு 50 பர்சன்ட் தள்ளுபடி. அதற்கு மேல் 10 பர்சன்ட் தள்ளுபடி. கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு?

4. எம்.ஆர்.பி. 40 ரூபாய் உள்ள குளிர்பானத்துக்கு மளிகைக்கடையில் 42 ரூபாய் கேட்கிறார்கள். என்ன சொல்வீர்கள்?

5. கடைசியாக வாங்கிய சாமான்களுக்குப் பில் இருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு வரியையும் படித்துப் பாருங்கள். புரியாத சொல்லை நோட்டில் எழுதுங்கள்.